பாதியில் நின்ற ஹெரால்டு: பிரித்து விற்கவா, முழுசாகக் கொடுக்கவா?

கேள்வி: ஐயா, என் அப்பா 1984-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 கார், 1969 மாடல், நான்கு கதவு. 2006 வரை ஓடியது, அப்புறம் ஷெட்டில் நின்றுவிட்டது. ரிட்டயர் ஆன பிறகு 2015-இல் அப்பா அதைப் பழையபடி ஆக்கப்போகிறேன் என்று பிரிக்க ஆரம்பித்தார். பாடியைத் தூக்கி டிங்கரிங் ஷெட்டுக்கு அனுப்பினார், சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, சுரண்டிக் கறுப்பு பெயின்ட் அடித்தார், எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி மேலே பிளாஸ்டிக் ஷீட் கட்டிவைத்தார். 2022-இல் அப்பா காலமாகிவிட்டார். இப்போது சேஸிசும் எஞ்சினும் திருச்சியில் எங்கள் வீட்டில், பாடி ஊருக்கு வெளியே டிங்கரிங் ஷெட்டில், மற்றதெல்லாம் சாக்கு மூட்டையிலும் பிஸ்கட் டின்னிலும் இருக்கிறது. அப்பாவின் நோட்டுப்படி மூன்றரை லட்சம் செலவாகியிருக்கிறது. ஒருவர் எல்லாம் சேர்த்து 60,000 தருகிறேன் என்கிறார். பெங்களூர்க்காரர் ஒருவர் பின் கதவு இரண்டு, கண்ணாடிகள், கியர்பாக்ஸ் மட்டும் 45,000-க்குக் கேட்கிறார். காயலான் கடையில் கிலோ 28 ரூபாய். மச்சானோ பெயின்ட் அடித்து நிறுத்தினால் இரண்டு லட்சத்துக்குப் போகும் என்கிறார். அம்மா ஸ்டியரிங்கை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். ஆர்.சி. புத்தகம் அப்பா பெயரில் இருக்கிறது. எனக்கு மெக்கானிக் வேலை எதுவும் தெரியாது. வீட்டை இடித்துக் கட்டப்போவதால் நான்கு மாதத்துக்குள் இடம் காலியாக வேண்டும். என்ன செய்வது?

பதில்: முழுசாகக் கொடுங்கள். பிரிக்காதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள், இந்த மாதமே யாருக்கும் கொடுத்துவிடவும் வேண்டாம். நான்கு மாதம் இந்த வேலைக்குத் தாராளம்.

முதலில் அந்த மூன்றரை லட்சத்தை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் பாதியில் நிற்கும் வண்டிக்கு விலை சொல்கிறவர் உங்கள் அப்பா என்ன செலவு செய்தார் என்று கணக்குப் போடுவதில்லை, இதை முடித்து ஓட்ட இன்னும் எவ்வளவு ஆகும் என்றுதான் போடுகிறார், அதை முடித்த வண்டியின் விலையிலிருந்து கழிக்கிறார், அப்புறம் தனக்குத் தெரியாத ஒவ்வொன்றுக்கும் பயந்து இன்னும் கொஞ்சம் கழிக்கிறார். முதல் கழிவை உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது கழிவு முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. 60,000 சொன்னவர் மூட்டையைப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார், பாடியைப் போய்ப் பார்த்திருக்க மாட்டார், எஞ்சின் சுற்றுகிறதா இறுகிக் கிடக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. அந்தத் தொகையில் பெரும்பகுதி பயத்துக்கான கழிவு. மெக்கானிக் வேலை தெரியாமலேயே அந்தப் பயத்தை நீங்கள் குறைக்கலாம்.

பெங்களூர்க்காரர் விவரமானவர். ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் பெயரில் வந்த வண்டி, வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. இங்கே மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961-இலிருந்து வண்டலூர் பக்கம் தொழிற்சாலையில் செய்தது. இங்கிலாந்தில் ஹெரால்டு என்றால் இரண்டு கதவுதான். நான்கு கதவு என்பது 1968-இல் மார்க் 3 வந்தபோது இங்கே செய்தது. அதனால் என்ன ஆகிறது என்றால், முன் சஸ்பென்ஷன், பிரேக், புஷ், ரப்பர் போன்றவற்றில் நிறைய இன்றும் இங்கிலாந்தில் புதுசாகவே கிடைக்கும், ஏனென்றால் ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் போன்ற டிரையம்ஃப் வண்டிகளும் இதே வம்சம்தான், அங்கே அவற்றுக்கு ஆள் அதிகம். ஆனால் உங்கள் வண்டியின் பின் கதவையும் அதன் கண்ணாடியையும் உலகத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காது, இந்தியாவில் இதே வகை நான்கு கதவு வண்டி இன்னொன்றைப் பிரித்தால்தான் உண்டு. அவர் கேட்பது சரியாக அந்தச் சாமானை. அதைக் கொடுத்துவிட்டால் மிச்சத்தை யாரும் வண்டியாகக் கட்ட முடியாது, அது சேஸிஸும் இரும்பும்தான். 45,000-ஐ வாங்கிப் போட்டுக்கொண்டு மீதியைக் காயலான் கடைக்கு அனுப்பினால், முழு ஹெரால்டே சுமார் 800 கிலோதான், அதில் கதவு, கியர்பாக்ஸ், கண்ணாடி எல்லாம் போய் வேறு. மொத்தத்தில் 60,000-ஐத் தாண்டிச் சில ஆயிரம் நிற்கும், அதுவும் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி போக எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். அவரிடம் மரியாதையாக, முழு வண்டியாக எடுப்பதானால் பேசலாம் என்று மட்டும் சொல்லுங்கள். சில சமயம் இப்படிப்பட்டவரே எடுத்துக்கொள்வார், அவரிடம் இன்னொரு ஹெரால்டு பாதியில் நிற்கும்.

பிரித்து விற்றால் மொத்தத்தில் கூட வரும் என்று உங்களுக்குச் சொல்லத்தான் போகிறார்கள். காகிதத்தில் வரும். ஒரு ஹெட்லைட் வளையத்துக்கு ஒருவர் போனில் அரை மணி நேரம் பேசுவார், போட்டோ அனுப்பச் சொல்வார், இன்னொரு கோணத்தில் அனுப்பச் சொல்வார், பிறகு காணாமல் போவார். நல்லது முதல் மாதத்தில் போய்விடும், சேஸிஸும் பாடி ஷெல்லும் கடைசிவரை உங்கள் வாசலில் கிடக்கும். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான் கடை வைத்திருக்கிறவருக்கு அது தொழில், இடம் இருக்கிறது, காத்திருக்கலாம். உங்களுக்கு ஜே.சி.பி. வரப்போகிறது.

மச்சான் சொல்வது பற்றி. அவர் நல்லதுக்குத்தான் சொல்கிறார், ஆனால் பழைய வண்டி வாங்குகிறவனுக்குப் பளபளப்பான புதுப் பெயின்டைப் போல சந்தேகம் தருவது வேறு எதுவும் கிடையாது. உள்ளே எத்தனை இடத்தில் தகரம் வெட்டி ஒட்டியிருக்கிறது, எத்தனை கிலோ பட்டி போட்டு மூடியிருக்கிறது என்று யோசிப்பான், காந்தத்தை எடுத்து ஓரம் ஓரமாக வைத்துப் பார்ப்பான், ஒட்டாத இடத்துக்கெல்லாம் விலையைக் குறைப்பான். எப்படியும் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தனக்குப் பிடித்த கலரில்தான் அடிப்பான். உங்கள் பாடி இப்போது வெறும் தகரமாகவோ பிரைமரோடோ இருந்தால் அது குறை இல்லை, அது வாங்குகிறவன் கண்ணால் பார்த்து நம்பக்கூடிய நிலை. துருப்பிடிக்காமல் மூடிவைத்தால் போதும்.

செலவு செய்யவேண்டிய இடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. பாடியைத் திருப்பிக் கொண்டுவந்து சேஸிஸ் மேல் உட்காரவைப்பது.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் ஹெரால்டுக்கே உரிய விஷயம் இது. அந்தக் காலத்திலேயே மற்ற கார்களெல்லாம் பாடியும் சேஸிஸும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தபோது ஹெரால்டில் தனி சேஸிஸ் வைத்து, அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு இறுக்கினார்கள். முன்பக்கம் முழுவதும், இரண்டு மட்கார்டும் சேர்த்து, ஒரே மூடியாக முன்னால் கவிழும். இதனால் பிரிப்பது சுலபம், உங்கள் அப்பா வீட்டு ஷெட்டிலேயே துணிந்து இறங்கியதற்கும் அதுதான் காரணமாக இருக்கும். ஆனால் பிரித்த பாடி தன் வடிவத்தைத் தானே காப்பாற்றிக்கொள்ளாது. சேஸிஸ் மேல் உட்கார்ந்து, போல்ட்டுக்கு அடியில் சரியான கனத்தில் தகடும் ரப்பரும் வைத்து அட்ஜஸ்ட் செய்தால்தான் கதவு இடைவெளி மேலும் கீழும் ஒன்றுபோல நிற்கும். டிங்கர் அந்தப் பாடியை வெறும் தரையிலோ நான்கு செங்கல் மேலோ வைத்துக் கீழ்ப்பக்கம் வெல்டிங் செய்திருந்தால், அது ஒரு விரல் அளவு முறுக்கிக்கொண்டிருக்கலாம், நாளைக்குக் கதவு சாத்தாது. விவரம் தெரிந்து வாங்க வருகிறவர் கேட்கிற முதல் கேள்வியே பாடி சேஸிஸில் உட்காருகிறதா, நான்கு கதவும் சாத்துகிறதா என்பதுதான். அதற்கு உங்களிடம் பதில் இல்லாத வரைக்கும் விலை 60,000 பக்கம்தான் சுற்றும்.

அதனால் டிங்கரிடம் போய்ப் பாக்கி என்னவோ அதைப் பேசி முடியுங்கள். இத்தனை வருடம் இடம் கொடுத்ததற்கு ஏதாவது கேட்பார், அதில் நியாயமும் இருக்கிறது, ரொம்பச் சண்டை போடாதீர்கள். பாக்கி இல்லை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு சின்ன லாரியும் தூக்க ஆட்களும் வைத்துக் கொண்டுவந்து, உள்ளூரில் பழைய மெக்கானிக் ஒருவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து, சேஸிஸில் சக்கரம் மாட்டி, பாடியை இறக்கி, நான்கைந்து போல்ட்டைத் தளர்வாகப் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள். கதவுகளையும் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சாத்தினால் ரொம்ப நல்லது. சாத்தாவிட்டாலும் எவ்வளவு இடிக்கிறது என்று தெரிந்துவிடும், அதையும் போட்டோ எடுத்துப் போடலாம். உருட்டி லாரியில் ஏற்றக்கூடிய வண்டிக்கும் மூட்டையாகக் கிடக்கும் சாமானுக்கும் விலையில் இருக்கிற தூரம் அந்தக் கூலியைவிடப் பல மடங்கு.

டிங்கர் ஷெட்டுக்குப் போகும்போது ஒரு சாமானை மறக்காமல் தேடுங்கள். அது சேஸிஸ் நம்பர் தகடு. பல ஹெரால்டுகளில் எஞ்சின் அறையின் பின்சுவரில், உள்ளங்கை அளவில், திருகியோ ரிவெட் அடித்தோ இருக்கும். பெயின்ட் சுரண்டுகிறவர்கள் முதலில் அதைத்தான் கழற்றி ஓரமாக வைப்பார்கள், அப்புறம் அது எங்கே போனது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஷெட்டில் கிடக்கும் டப்பா, ஜன்னல் விளிம்பு, பழைய காலண்டர் தொங்கும் ஆணி, எல்லா இடத்திலும் பாருங்கள். எஞ்சின் நம்பர் பிளாக்கின் இடது பக்கம், ஹெட் உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டியிருக்கும், மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தால் தெரியும். இந்த இரண்டு நம்பரும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போனால் உங்கள் கையில் இருப்பது பாதியில் நின்ற ஒரு கார். ஒத்துப்போகாவிட்டால் அல்லது தகடே இல்லாவிட்டால் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வாங்கினவர் பிறகு கண்டுபிடித்தால் உங்களுக்குத்தான் தலைவலி.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. விளம்பரம் கொடுத்ததும் நிச்சயமாக யாராவது ஒருவர், வண்டி வேண்டாம் சார், ஆர்.சி. புத்தகமும் தகடும் மட்டும் கொடுங்கள், நல்ல விலை தருகிறேன் என்பார். கொடுக்கவே கூடாது. அது வேறொரு வண்டிக்கு, பேப்பர் இல்லாததற்கு, சில சமயம் திருட்டு வண்டிக்கு, உங்கள் அப்பாவின் பெயரில் அடையாளம் கொடுக்கிற வேலை. அது வெளியே வந்தால் போலீஸ் முதலில் தட்டுவது புத்தகத்தில் இருக்கிற முகவரியைத்தான்.

மூட்டைகளுக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்துக் கொட்டுங்கள். பெயர் தெரியவேண்டிய அவசியம் இல்லை. கண்ணாடியும் கதவுச் சாமானும் ஒரு பக்கம், விளக்கும் வயரும் ஒரு பக்கம், எஞ்சின் சாமான் ஒரு பக்கம், சக்கரம், பிரேக் ஒரு பக்கம், குரோம் பட்டை, எழுத்து, கைப்பிடி ஒரு பக்கம். ஒவ்வொரு குவியலையும் மேலிருந்து வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள். அப்புறம் அப்பாவின் நோட்டை எடுத்து உட்காருங்கள். அதில் அவர் என்ன வாங்கினார், எந்த லேத்தில் என்ன கொடுத்தார் என்று எழுதியிருப்பாரே, அந்தத் தொகை எனக்கு வேண்டாம், அந்த விவரம்தான் தங்கம். கிராங்க் கிரைண்டிங், அதாவது எஞ்சினுக்குள் சுற்றும் தண்டைச் சாணை பிடித்த பில் இருந்தால், எந்த அளவுக்கு என்று அதில் எழுதியிருந்தால், அந்த ஒரு பில் போதும், வாங்குகிறவர் எஞ்சினைப் பற்றிய பயத்தைப் பாதி விட்டுவிடுவார். சேஸிஸுக்குக் கறுப்பு அடிப்பதற்கு முன்னால் அப்பா போனில் எடுத்த படம் ஏதாவது இருந்தால் அதற்கு இன்னும் மதிப்பு அதிகம், ஏனென்றால் பெயின்ட் அடித்த சேஸிஸை எல்லோரும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். ஹெரால்டில் பக்கவாட்டில் பாடியைத் தாங்க நீட்டிக்கொண்டிருக்கும் கைகள் உண்டு, துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். அப்பாவின் பழைய போனைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே?

நோட்டில் டிரனியன் என்ற சொல் வருகிறதா என்று பாருங்கள், அல்லது மூட்டையில் மஞ்சள் நிறத்தில், வெண்கலத்தில், உள்ளே மரை போட்ட கனமான சின்னக் கட்டை இரண்டு புதுசாக இருக்கிறதா என்று. முன் சக்கரத்தைத் தாங்கும் கம்பியின் கீழ்முனை அதற்குள்தான் திருகி நிற்கும், ஸ்டியரிங்கை வெட்டும்போது அந்த மரையில்தான் திரும்பும். அதற்கு 90 நம்பர் கியர் ஆயில் விடவேண்டும். நம் ஊரில் பல காலம் எல்லா நிப்பிளிலும் கிரீஸைத்தான் அடித்தார்கள், கிரீஸ் மரை முழுவதும் இறங்காது, தண்ணீர் புகுந்து கம்பி உள்ளுக்குள் துருப்பிடிக்கும், ஒரு நாள் திருப்பத்தில் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். ஹெரால்டு ஓட்டிய பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். உங்கள் அப்பா புது டிரனியன் வாங்கி வைத்திருந்தால் அதை விளம்பரத்தின் முதல் வரியிலேயே போடலாம், பெயின்டைப் பற்றி எழுதுவதைவிட அது நூறு பங்கு மேல், தெரிந்த ஆளுக்கு உடனே புரிந்துவிடும்.

எஞ்சின். 948 சி.சி., நாலு சிலிண்டர். ஷீட்டை அவிழ்த்து நான்கு சிலிண்டரின் உள்சுவரையும் டார்ச் அடித்துப் போட்டோ எடுங்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் ஊற்றி இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு முன்பக்கப் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். சுற்றினால் அதை வீடியோ எடுங்கள். சுற்றவில்லையா, விட்டுவிடுங்கள், குழாயைச் செருகி எல்லாம் நெம்பாதீர்கள், எஞ்சின் இறுகியிருக்கிறது என்று எழுதிவிடுங்கள். வால்வுகளை இயக்கும் சாமான்கள், புஷ் ராடு எட்டு, டேப்பட் எட்டு, ராக்கர் செட் ஒன்று, இவை டின்னில் இருக்கிறதா என்று மட்டும் எண்ணிப்பாருங்கள். நல்ல வேளை, அப்பா எஞ்சினை மாற்றியதாக உங்கள் கடிதத்தில் இல்லை. ஒரு காலத்தில் பழைய வண்டிகளில் வேறு எஞ்சினைத் திணிப்பது சகஜமாக இருந்தது, அப்படிச் செய்திருந்தால் கீழே நான் சொல்லப்போகிற விண்டேஜ் பதிவுக்கு வழி அடைபட்டிருக்கும்.

பேப்பர் விஷயம் உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வருகிறது, ஆனால் பாதி வேலை அதில்தான். வண்டி இன்னும் இறந்தவர் பெயரில் இருக்கிறது. வாரிசுகள் யார் யார், நீங்கள், அம்மா, கூடப் பிறந்தவர்கள். தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்த கடிதம், இவற்றோடு ஆர்.டி.ஓ. ஆபீஸில் படிவம் 31 கொடுத்துத்தான் உங்கள் பெயருக்கு மாற்றவேண்டும், அதன் பிறகு விற்பனைக்கு 29, 30. இங்கே ஒரு சிக்கல் வரும். ஆர்.சி. காலாவதி ஆகியிருக்கும், புதுப்பிக்க வண்டியைக் காட்டச் சொல்வார்கள், வண்டியோ பிரித்துக் கிடக்கிறது. நேரில் போய் உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள், புரோக்கரை அனுப்பாதீர்கள். புத்தகத்தில் இருக்கும் விவரம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்றும் அதே மூச்சில் கேளுங்கள், பழைய நம்பர்கள் பல ஏறாமல் இருக்கும், அதை ஏற்ற என்ன வேண்டும் என்றும் கேட்டுவிடுங்கள். பெயர் மாற்றம் இப்போதைக்கு முடியாது என்று சொன்னால், வாங்குகிறவரிடம் நிலைமையை வெளிப்படையாகச் சொல்லி, எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்ட விற்பனை ஒப்பந்தம் போட்டு, வண்டி முடிந்ததும் மாற்றத்துக்கு வந்து நிற்போம் என்று எழுதிக் கொடுங்கள். வெற்றுப் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

இதில் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், வண்டி கை மாறியிருந்தாலும் விபத்து நஷ்ட ஈடு அவர் தலையில்தான் விடியும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இன்றைக்கு அது நகராத வண்டி, கவலை இல்லை. மூன்று வருடம் கழித்து அதை ஓடவைப்பார், அன்றைக்குத்தான் ஆபத்து. அதனால் வண்டியை ஒப்படைக்கிற அன்று, தேதி, நேரம், இரண்டு நம்பர்கள், பிரித்த நிலையில் ஓட்டத் தகுதியில்லாமல் கொடுக்கப்படுகிறது என்ற வரி, வாங்குகிறவரின் அடையாள அட்டை நகல், எல்லாம் வைத்து ஒரு ரசீது எழுதி இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். அதன் நகலோடு ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு கடிதம் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

வாங்குகிறவருக்கு ஒரு நல்ல செய்தியையும் நீங்கள் சொல்லலாம். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு கொண்டுவந்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. நம்பர்கள் புத்தகத்தோடு ஒத்துப்போனால் உங்களுடையது இரண்டிலும் தேறும். கட்டணம் முதல் தடவை 20,000, பத்து வருடம் செல்லும், அடுத்த புதுப்பிப்பு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், இது பலருக்கு ரொம்ப முக்கியம், மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் அந்தப் பழைய நம்பருக்காகவே வண்டி தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். தினமும் ஆபீசுக்கு ஓட்டிப்போக முடியாது, கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பெட்ரோல், ரிப்பேர், இதற்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். இப்படி ஒரு வண்டியை முடிக்க நினைக்கிறவருக்கு அது பெரிய குறை இல்லை.

விற்கும் இடம். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் மாதிரியான சங்கங்களின் உறுப்பினர்கள், கோயம்புத்தூர், பெங்களூர் பக்கம் பழைய வண்டி வேலை செய்கிற ஷெட்டுகள், இவர்களிடம்தான் முதலில் சொல்லவேண்டும். ஒரு ஹெரால்டுக்காரருக்குச் சொன்னால் ஊரிலுள்ள ஹெரால்டுக்காரர் அத்தனை பேருக்கும் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். விளம்பரத்தில் குறையை முதலில் எழுதுங்கள்: ஆர்.சி. காலாவதி, உரிமையாளர் காலமாகிவிட்டார், வாரிசுகள் விற்கிறோம், எஞ்சின் பிரித்தது, இன்னின்ன சாமான் இல்லை. அதற்கப்புறம் இருப்பதை எழுதுங்கள். இப்படி எழுதினால் சும்மா வேடிக்கை பார்க்கிறவர்கள் கழன்றுகொள்வார்கள், வருகிறவர் நேரில் வந்து புதுசாக ஒரு குறையைக் கண்டுபிடித்து விலையைக் குறைக்கவும் முடியாது. விலையையும் போட்டுவிடுங்கள். எவ்வளவு என்று நான் இங்கிருந்து பார்க்காமல் சொன்னால் அது ஜோசியம். ஓடுகிற நிலையில் ஒரு மார்க் 3-க்கு என்ன கேட்கிறார்கள் என்று சங்கத்தில் இரண்டு பேரிடம் விசாரியுங்கள், மீதி வேலைக்கு என்ன ஆகும் என்று பாடியை இறக்கிய அந்த மெக்கானிக்கைக் கேளுங்கள், கழியுங்கள், வருவதற்கும் கீழே உங்கள் மனதுக்குள் ஒரு கடைசித் தொகை வைத்துக்கொள்ளுங்கள். அதை மச்சானிடம்கூடச் சொல்லாதீர்கள்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வண்டியை எடுக்காமல் மாதக்கணக்கில் இழுக்கிற ஆட்கள் நிறைய. எந்தத் தேதிக்குள் முழுப் பணமும் கொடுத்துத் தூக்கவேண்டும் என்று எழுதி வாங்குங்கள், தவறினால் வேறு ஆளுக்குக் கொடுப்பேன் என்பதையும் சேர்த்து. பணம் பேங்க்கில் ஏறிய பிறகுதான் லாரியில் ஏறவேண்டும். நேரில் வராமலேயே முழு விலைக்குச் சரி என்று சொல்லி, பணம் அனுப்புகிறேன் இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்று யாராவது போனில் சொன்னால் அந்த நம்பரை பிளாக் செய்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு எதையும் ஸ்கேன் செய்யவேண்டியதில்லை.

அம்மாவின் ஸ்டியரிங். விலைக்காகப் பார்த்தால் கொடுக்கக்கூடாத சாமான்தான், ஆனால் எல்லாவற்றையும் விலையாகவே பார்க்கவும் முடியாது. மூட்டையில் இன்னொரு ஸ்டியரிங், விரிசல் விட்டதாக இருந்தாலும், கிடக்கிறதா என்று பாருங்கள், சாமான் சேர்க்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டாக வாங்கி வைத்திருப்பார்கள். இருந்தால் எது அம்மாவுக்கு வேண்டும் என்று அவரையே கேளுங்கள். ஒன்றுதான் இருக்கிறது, அவருக்கு அதுதான் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளட்டும், விளம்பரத்தில் ஸ்டியரிங் இல்லை என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், விலை கொஞ்சம் குறையும், குறையட்டும். அதேபோல உபரியாக இருக்கும் சாமான்களை, இரண்டாவது டைனமோ, மூன்றாவது ஹெட்லைட் என்று இருந்தால், வண்டி போனபிறகு தனியாக விற்கலாம், முதலில் வண்டி வாங்கியவரைக் கேட்டுவிட்டு.

பிரித்து விற்பது சரி என்று நான் சொல்லக்கூடிய நிலைமையும் உண்டு. தகடு கிடைக்கவே இல்லை, சேஸிஸ் கறுப்புக்கு அடியில் அப்பளமாக இருக்கிறது, பாடியும் முறுக்கிவிட்டது என்று மூன்றும் சேர்ந்து வந்தால், அது இனி வண்டி ஆகாது. அப்போது பெங்களூர்க்காரரைக் கூப்பிடுங்கள், அவர் கேட்டதோடு முன்பக்க மூடி, டிஃபரன்ஷியல், மீட்டர் போர்டு எல்லாம் சேர்த்து ஒரே லாரியில் எடுக்கச் சொல்லுங்கள். மிச்சத்தை அனுப்புவதற்கு முன், வண்டி இனி உபயோகத்துக்கு ஆகாது என்று ஆர்.டி.ஓ.வில் எழுதிக் கொடுத்து, ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்யவேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 55 இதற்குத்தான் இருக்கிறது. இரும்பைத் தெருமுனைக் காயலான் கடைக்குப் போடாமல் அரசு பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்துக்குக் கொடுத்தால் சான்றிதழ் தருவார்கள், பதிவு ரத்துக்கு அது உதவும்.

60,000 சொன்னவரை விரட்டிவிடாதீர்கள். பாடி சேஸிஸில் உட்கார்ந்ததும் வந்து பாருங்கள் என்று சொல்லி வையுங்கள், வந்தால் வேறு தொகை சொல்வார். அதற்கு முன்னால் இந்த வாரமே டிங்கர் ஷெட்டுக்கு ஒரு போன் போட்டு, அந்தத் தகடு எங்கே என்று கேளுங்கள்.